கனரகக் கை

"கையை நீட்டுங்க."

"எந்தக் கைங்க?"

"வண்டியை நிறுத்துற கை."

அம்சவேணி வலது கையை நீட்டினாள். மேசைக்கு எதிரே இருந்தவர் அதைப் புரட்டிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்தினார். உள்ளங்கையைத் தட்டி ஓசை கேட்டார்.

"இது பால் வண்டிக் கைங்க" என்றார். "மொபெட் நிக்கும். பால் வண்டி நிக்கும். டிரைவருக்கு மனசிருந்தா மினி பஸ் நிக்கும். அதுக்கு மேல செல்லாது."

"எனக்கு ட்ரெய்லர் நிக்கிற கை வேணுமுங்க."

"அது கனரகம்."

"ஆமாங்க."

"கனரகத்துக்குப் பரீட்சை இருக்குது."

அவர் பெயர் சிற்றம்பலம். கரட்டுப்பாளையம் பிரிவில் இருக்கும் கை காட்டும் உரிம அலுவலகத்தின் ஒரே அலுவலர் அவர்தான். அலுவலகம் ஒரு கன்டெய்னருக்குள் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் ஓட்டுநர் தூங்கிக்கொண்டே ஓட்டி வந்த லாரி ஒன்று வளைவில் ஒருக்களித்துப் படுத்தது. ஓட்டுநர் விழித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். கன்டெய்னர் எழுந்திருக்கவில்லை. படுத்ததைப் படுத்தபடியே அலுவலகமாக்கிவிட்டார்கள்.

கூரை எதுவோ அதில்தான் மின்விசிறி மாட்ட வேண்டும் என்பது விதி. கூரை இப்போது பக்கச் சுவராக இருந்தது. ஆகவே விசிறி பக்கவாட்டில் சுற்றி, எதிர்ச் சுவருக்குக் காற்று வீசியது. கடிகாரம் காலடியில் கிடந்தது. மணி பார்க்க விரும்புகிறவர்கள் அதை மிதிக்காமல் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். சிற்றம்பலம் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அதற்குத் தனி அனுமதி வாங்கியிருந்தார்.

கரட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு ரோட்டைக் கடக்க ஒரே முறைதான் தெரியும். கையை நீட்ட வேண்டும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். பிறகு ஒரே ஓட்டம். வருகிற வண்டி கையைப் பார்த்தால் நின்றுவிடும். நின்றதா என்று திரும்பிப் பார்ப்பது கைக்கு அவமரியாதை. மாட்டு வண்டி போன காலத்திலிருந்து வரும் பழக்கம் இது. ரோடு அகலமானது. வண்டிகள் நீளமாயின. கை மட்டும் அதே கையாக இருந்தது. அரை மைல் தள்ளி ஒரு சுரங்கப்பாதை கட்டிக் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்கு முந்தின நாளே தண்ணீர் அதில் குடிவந்துவிட்டது. முதலில் வந்தவரை எப்படிக் கிளப்புவது என்று யாரும் கிளப்பவில்லை.

இதெல்லாம் பதினொரு நாளைக்கு முன்புவரை பெரிய விஷயமில்லை.

பதினொரு நாளைக்கு முன்பு ஒரு ட்ரெய்லர் ஊருக்குள் நுழைந்தது. காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றியிருந்தது. இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அதன் தலை முதல் நாளே வளைவில் திரும்பி, தாராபுரம் தாண்டிப் போய்விட்டதாகப் பேசிக்கொண்டார்கள். வால் இன்னும் வரவில்லை. இடையில் வெள்ளை இறக்கை மட்டும், ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. கீழே சக்கரங்கள் வரிசை வரிசையாக வந்தன.

ஊருக்கு இதில் வருத்தமில்லை. கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பி, வண்டி ஏற்றித் தாளிலிருந்து மணி பிரிப்பது அவர்கள் வழக்கம். இப்படி ஓயாத சக்கரம் எந்த வருடமும் கிடைத்ததில்லை. முதல் நாள் கொள்ளு தனியாக வந்தது. மூன்றாம் நாள் பருப்பானது. ஐந்தாம் நாள் மாவானது. அதற்குப் பிறகு அள்ளப் போனவர்கள் தும்மிவிட்டுத் திரும்பினார்கள். பள்ளிக்கூடச் சுவரில் 'விபத்தில்லா நாட்கள்: 11' என்று எழுதினார்கள். அதற்குமுன் அந்த இடத்தில் அதிகபட்சம் 4 என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

வருத்தம் அம்சவேணி ஒருத்திக்குத்தான். அவள் கணவன் நாச்சிமுத்து அக்கட்ட, ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில், மாட்டிக்கொண்டான்.

நாச்சிமுத்து மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். சகலையிடம் இரவல் வாங்கிய ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு ரெண்டு நிமிஷத்தில் வருகிறேன் என்று ரோட்டைக் கடந்தான். கொடுத்துவிட்டுத் திரும்பினால் ட்ரெய்லர். அன்றிலிருந்து சகலை வீட்டில் சாப்பாடு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாலாம் நாள் சகலை பீட்ரூட் பொரியல் வைத்தார். ஐந்தாம் நாளும் பீட்ரூட் வைத்தார். சகலை வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பீட்ரூட்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அம்சவேணி தினமும் காலையில் ரோட்டோரம் போய்க் குந்துவாள். ட்ரெய்லருக்கு அடியில், இரண்டு சக்கர வரிசைகளுக்கு நடுவில், அக்கட்ட நாச்சிமுத்துவின் கால்கள் தெரியும். முழங்காலுக்கு மேல் அவனைப் பார்த்துப் பதினொரு நாளாகிறது. அடுத்த சக்கர வரிசை வருவதற்குள் ஒரு வாக்கியம் பேசலாம். ஒன்றுதான் பேசலாம். ஒரு வாக்கியத்தில் சண்டை போட முடியாது என்பதை இருவரும் அப்போதுதான் கண்டுகொண்டார்கள். கல்யாணமான ஒன்பது வருடத்தில் இவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

நேற்று அந்த ஒரு வாக்கியம் சரியாக இல்லை.

"அம்சா, வெள்ளிக்கிழமை மத்தியானம் வால் வருதாம், வாலப் பாத்ததும் கையக் காட்டிட்டு ஓடியாந்தர்றேன்."

சக்கரங்கள் போயின.

"மாமா, உங்க கை பங்குனியோட முடிஞ்சு போச்சுங்க."

சக்கரங்கள் போயின.

"கை எங்கடி முடியும், மணிக்கட்டுலயா?"

கால்கள் சிரித்தன. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் ஓட்டம் அவளுக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடுகிறவர்களில் அவன்தான் அதிகமாகத் திருப்புகிறவன். வெள்ளிக்கிழமை என்பது இன்று.

"புதுப்பிக்க முடியாதுங்களா அவரு கையை?" என்று சிற்றம்பலத்திடம் கேட்டாள்.

"முடியுமே. கையைக் கொண்டாங்க."

"கை அக்கட்ட இருக்குதுங்க."

"அப்ப முடியாது. அதுவும் பஸ் வரைக்கும் நிறுத்துற கைதான். ட்ரெய்லருக்கு ஆகாது. அதுக்குத்தான் பரீட்சை." சிற்றம்பலம் ஒரு தாளை எடுத்தார். "ஒரே கேள்வி. நாப்பது டன் ட்ரெய்லர். அறுபதுல வருது. நீங்க கையைக் காட்டுறீங்க. டிரைவர் நல்லவர். உடனே பிரேக்கை மிதிக்கிறாரு. வண்டி எங்க நிக்கும்?"

"என்ற முன்னால நிக்கும்."

"எல்லாரும் அதைத்தாஞ் சொல்றாங்க." அவர் தாளில் எதையோ அடித்தார். "அந்த அலமாரியைத் திறங்க."

அலமாரி சாய்ந்து கிடந்தது. பெட்டியைத் திறப்பதுபோல் கதவைத் தூக்கினாள். உள்ளே செருப்புகள். ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, கொலுசு மாட்டிய சின்னச் செருப்பு ஒன்று. ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய சீட்டு நூலில் கட்டியிருந்தது.

"ஜோடி எங்கீங்க?"

"ஜோடி வராது. ஒண்ணொண்ணுதான் கெடைக்கும்."

அம்சவேணி கதவை மெதுவாக இறக்கினாள். விசிறி சுவருக்கு வீசிக்கொண்டிருந்தது.

"இன்னொருக்காக் கேளுங்க" என்றாள்.

"வண்டி எங்க நிக்கும்?"

"என்னைத் தாண்டி நிக்குமுங்க."

"எவ்வளவு தாண்டி?"

"நிக்கிறப்ப நான் பாக்க முடியாத அளவுக்கு."

சிற்றம்பலம் தலையை ஆட்டினார். ஊதா மையில் முத்திரையைத் தொட்டு அவள் உள்ளங்கையில் ஓங்கிக் குத்தினார். வலித்தது.

"இனிமே இது கனரகக் கை. ஒரு நிபந்தனை இருக்குது. எந்த வண்டிக்கும் காட்டக் கூடாது."

"அப்பறம் இது எதுக்குங்க?"

"மனுசனுக்குக் காட்டுங்க. நிப்பான்."

அவள் எழுந்தாள். அவர் மறுபடி கூப்பிட்டார்.

"அம்மிணி, ரெண்டு விஷயம். வளைவுல வண்டித் தலை இந்தப் பக்கம் திரும்புனா வால் அந்தப் பக்கம் வீசும். பதினாலு அடி. டிரைவருக்கே தெரியாது, அவரு தூரத்துல இருக்காரு."

"ரெண்டாவது?"

"காத்தாலைக்கு எத்தனை இறக்கை?"

அம்சவேணி கன்டெய்னர் கதவு வழியாக வெளியே பார்த்தாள். கரட்டுக்கு மேலே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. எண்ணினாள். திரும்பச் சரிபார்த்தாள்.

"மூணுங்க."

"இது முதல் இறக்கை" என்றார் சிற்றம்பலம். "பதினோரு நாள் தாமசமாயிருச்சு. அந்தத் தாமசத்தை ரெண்டாவது வண்டிக்காரன்தான் ஓட்டிப் பிடிக்கோணும்னு சொல்லியிருக்காங்க."

குனிந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம். ஓடினாள்.

ரோட்டோரம் கூட்டம் கூடியிருந்தது. வாலைப் பார்க்க வந்தவர்கள். சிலர் வழியனுப்பத் தேங்காய் கொண்டு வந்திருந்தார்கள். அவள் குந்தி அடியில் பார்த்தாள். நாச்சிமுத்துவின் கால்கள் மைல்கல்லுக்குப் பக்கத்தில், ஓடுவதற்கு ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக நின்றன. காலில் சகலையின் செருப்பு.

"மாமா, பதினஞ்சடி தள்ளிப் போய் நில்லுங்க."

சக்கரங்கள் போயின.

"தள்ளிப் போனா ஓடறதுக்குத் தூரமாயிரும் புள்ள."

சக்கரங்கள் போயின.

"வால் வீசுமுங்க, நீங்க போனாத்தான் நான் இங்கிருந்து எந்திரிப்பேன்."

கால்கள் யோசித்தன. பின்பு பின்னால் நடந்தன. எண்ணி எண்ணி நடந்தன. நாச்சிமுத்து காயிலுக்குச் சுற்று எண்ணிப் பழகியவன், அளவில் ஏமாற்றமாட்டான். பதினைந்தாவது அடியில் நின்றன.

வால் வந்தது.

அது மெலிந்து, கூராக, ஒரு மீனின் வாலைப்போல் இருந்தது. அதன் பின்னால் சிவப்புக் கொடியோடு ஒருவர் நடந்து வந்தார். அவருக்குத் தாடி வளர்ந்திருந்தது. புறப்படும்போது மழித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். வால் வளைவை அடைந்தது. அடைந்ததும் அக்கட்ட ஒதுங்கியது. அதுவரை பதினொரு நாளும் நடை நடந்த பொருள், அந்த ஓரிடத்தில் மட்டும் துடைப்பம்போல் வீசியது. மைல்கல் பிடுங்கிக்கொண்டு பறந்தது. சகலை வீட்டுக் கொடிக்கயிறு நான்கு வேட்டிகளோடு பின்னாலேயே போனது.

அப்போதுதான் நாச்சிமுத்து தெரிந்தான். முழங்கால், இடுப்பு, சட்டை, முகம் என்று மொத்தமாகத் தெரிந்தான். கொஞ்சம் பருத்திருந்தான். கன்னத்தில் பீட்ரூட் நிறம் ஏறியிருந்தது. மூக்குக்கு ஒரு சாண் முன்னால் வால் கடந்துபோனதைக் கண்கள் மட்டும் பார்த்தன. மற்றவையெல்லாம் அவளைப் பார்த்துச் சிரித்தன.

ரோடு காலியாக இருந்தது. பதினொரு நாளில் முதன்முறையாக வெறும் ரோடு. வெயிலில் அது கருப்பாக மின்னியது. கொள்ளு மாவு லேசாகப் புகைந்தது.

நாச்சிமுத்து கையை நீட்டினான். பங்குனியோடு முடிந்த கை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான். கிளம்பினான்.

அம்சவேணி தன் கையை உயர்த்தினாள்.

அவன் நின்றான். ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில், ரோட்டின் விளிம்பில் அப்படியே நின்றான். கொடி பிடித்தவரும் நின்றார். தேங்காய் உடைக்க ஓங்கியவரின் கையும் நின்றது. ஊரே நின்றது.

"ஏம்மிணி, என்னையுமா?" என்றார் கொடிக்காரர். அவர் உதடு மட்டும் அசைந்தது. "வண்டி போயிட்டே இருக்குதுங்க. நான் பின்னால போகோணும்."

"கொஞ்ச நேரமுங்க" என்றாள் அம்சவேணி.

அவள் வலது பக்கம் பார்த்தாள். ஊரில் யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பார்க்கிற பழக்கம் இல்லாததால் கழுத்து வலித்தது. ரோடு நேராகக் கரட்டடி வரை போனது. அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அது வெயிலில் நடுங்கியது. பிறகு அதற்கு இரண்டு விளக்குகள் முளைத்தன. பின்னால் வெள்ளையாக, முடிவே இல்லாமல், இரண்டாவது இறக்கை தொடர்ந்தது. அது நடக்கிற வேகத்தில் வரவில்லை.

ஹாரன் கேட்டது. ஹாரனுக்கு முன்னால் காற்று வந்தது.

அவள் கணக்குப் போட்டாள். அவன் ஓடி வர எட்டு வினாடி. வண்டி வர எட்டு வினாடி இருக்கலாம். ஏழும் இருக்கலாம். அது முழுதாகக் கடந்து போக இன்னொரு பதினொரு நாளும் ஆகலாம். பிறகு மூன்றாவது. உள்ளங்கையில் ஊதா மை வியர்வையில் இளகத் தொடங்கியது. அவள் விரல்களை இன்னும் விறைப்பாக விரித்தாள்.

அக்கட்ட, காற்றில் தூக்கிய காலிலிருந்து சகலையின் செருப்பு மெதுவாக நழுவியது. நழுவி ரோட்டின் மேல் விழுந்தது. ஒன்றே ஒன்று.

நாச்சிமுத்து குனிந்து அதைப் பார்க்க முடியாமல் அவளைப் பார்த்தான். அவனுக்கு இன்னும் வண்டி வரும் பக்கம் தெரியவில்லை. அவன் குரல், எந்தச் சக்கரமும் குறுக்கே வராமல், பக்கத்தில் பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது.

"அம்சா, கால் மரத்துப் போச்சு. கைய எறக்கு புள்ள, ஒரே ஓட்டத்துல வந்தர்றேன்."