முருகையன் கேட்ட ஆட்டம்

“நான் போற அன்னிக்கு ஒருத்தரும் அழுது வடியக் கூடாது, கொடி. பாப்பா என் முன்னால ஆடணும். சொல்லிட்டேன்.”

“காலங்காத்தால இன்னா பேச்சு மாமா இது? டீ ஆறுது பாருங்க.”

“ஆறட்டும். சரின்னு சொல்லு.”

“அவளாண்ட கேளுங்க. ஆடப்போறது அவதானே?”

“கேட்டுட்டேன். பதிலே சொல்ல மாட்றா. ஊரே பாத்து சிரிச்ச ஆட்டம், தாத்தனுக்கு மட்டும் இல்லியா?”

போன அமாவாசைக்கு நடந்த பேச்சு அது. இப்போது அதே மாமனார் முருகையனின் மூக்கில் ஜெயக்கொடி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தாள். நேற்று மாலை வறுத்த கடலை கேட்டு, பாதி தின்றுவிட்டுச் சுவரில் சாய்ந்தவர்தான். எண்பதைத் தாண்டியவர். ஒரு நாள் படுக்கவில்லை, ஒருவருக்கும் பாரமில்லை. செஞ்சியில் எந்தத் தெருவில் சாவு மேளம் கேட்டாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடப் போய்விடும் மனிதரை, இன்று நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டிருந்தார்கள்.

“இன்னாடி இது, நைனாவுக்குக் கண்ணாடி?” என்றான் அவள் கணவன் வெற்றிவேல்.

“கண் ஆபரேஷனுக்கு அப்புறம் இதைப் போட்டாத்தான் அழகா இருக்கேன்னு சொல்லுவாரு இல்ல?”

வெற்றிவேல் சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தான்.

மேல்மலையனூரில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் வசந்தா ஆட்டோவிலிருந்து “நைனா!” என்று அலறிக்கொண்டே இறங்கினாள். உள்ளே வந்து கண்ணாடியைப் பார்த்ததும் அலறல் பாதியில் நின்றது. “அடப்பாவி மனுஷா, மாப்பிள்ளையாட்டம் குந்திக்கினு இருக்கியே!” என்று சிரித்தாள். கூடவே பத்துப் பேர் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு டீயைக் குடித்து முடித்தவள், மூலையில் நின்ற ஜெயக்கொடியின் மகள் அறிவுமதியைப் பார்த்துக் கை நீட்டினாள்.

“வாடி என் ரோடு ரோலரு! நீதான்டி இன்னிக்கு ஆடணும்.”

பதினாறு வயது அறிவுமதி துப்பட்டாவை உடம்போடு இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள்.

“இன்னா அண்ணி, ரோடு ரோலரு?” என்று கேட்டாள் ஜெயக்கொடி.

“நைனா அனுப்பிச்ச வீடியோல இங்கிலீஷ்ல போட்டிருக்குதாமே. என் புள்ள படிச்சுக் காட்டினான். பட்டப் பேரு கணக்கா வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். ஏன், நல்லா இல்லியா?”

ஆடி மாதம் கரகத்துக்கு முன்னால் மகள் ஆடியதை யாரோ எடுத்து இன்டர்நெட்டில் போட்டிருந்தார்கள். டீக்கடையில் யாரோ மாமனாருக்கு அனுப்ப, அதற்குக் கீழே வரிசையாகச் சிரித்த மஞ்சள் மூஞ்சிகளைப் பார்த்து அவர் பூரித்துப்போனார். அத்தனையும் பாராட்டு என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினார். தமிழாயிருந்தால் எழுத்துக் கூட்டியாவது படித்திருப்பார். ஜெயக்கொடிக்கு ஆங்கிலம் படிக்க வரும். ஆனால் அவள் மகளின் முகத்தை மட்டும் பார்த்தாள். தன் ஸ்டேட்டஸிலும் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் அறிவு போனைக் குப்புறக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தாள். காலையில் வயிற்று வலி வந்தது. பாட்டுப் போட்டால் எழுந்து போனாள். பிளஸ் ஒன் டென்ஷன் என்று ஜெயக்கொடி நினைத்துக்கொண்டாள்.

இப்போது மாமனாரின் போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கடலை மூட்டையின் மேல் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஜெயக்கொடி இந்த முறை எழுத்தைப் படித்தாள். இவள் குதித்துக் கோட்டைச் சுவர் இடிகிறது, ரோடு போடக் கூப்பிடுங்கள், என்று கீழே வளர்ந்துகொண்டே போனது.

“இதெல்லாம் யாரு?”

“கிளாஸ்ல இருக்கறவங்கதான். வேற பேர்ல போடறாங்க. நான் உள்ள போனா ரோலர் சத்தம் பண்ணுவாங்க.”

“எங்கிட்ட ஏன்டி…” என்று ஆரம்பித்ததை விழுங்கினாள்.

“நீயும்தானே வச்சிருந்த. எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க. சொன்னா போனைப் புடுங்கிக்குவன்னும் பயம்.”

“போனு உங்கிட்டதான் இருக்கும். தப்பு பண்ணது நீயா?” ஜெயக்கொடி தன் போனில் எதையோ தேடி, மகளிடமே கொடுத்தாள். “இதுல இருக்கற அந்த வீடியோவையெல்லாம் நீயே அழிச்சிடு. நீ அவனுங்களுக்கு ஏதாச்சும் பதில் போட்டியா?”

“ஒரு தடவ. அதையும் போட்டு சிரிச்சாங்க.”

“இனிமே போடாத. எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. அப்புறம் அந்த வீடியோ போட்ட பேஜ் மேல அதுலயே புகார் குடு. திங்கக்கிழமை டீச்சராண்ட நானும் வரேன். அங்க முடியலன்னா போலீஸ் ஸ்டேஷன். நான் முன்னால நடக்கறேன், நீ கூட வந்தா போதும்.”

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு போலீஸ்கார அம்மா வந்து சொன்னதுதான் இதெல்லாம். யார் வீட்டுப் பிள்ளைக்கோ என்று இவள் பாதிக் காதில் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

“தாத்தாவாண்ட அதை அழிச்சிடுன்னு கேக்கணும்னு தெனம் நெனைப்பேன்மா. ‘எவ்ளோ பேரு சிரிச்சிருக்காங்க பாரு பாப்பா’ன்னு காட்டுவாரு. வாயே வராது.” அறிவுக்குக் குரல் உடைந்தது. உடைந்த இடத்திலேயே சிரிப்பும் வந்தது. “போஸ்ட்மேனுக்குக் கூட அனுப்பியிருக்காரும்மா!”

“கறிக்கடைக்காரருக்கும் அனுப்பினாரு.”

இருவரும் மூட்டை குலுங்கச் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்போது இருவர் முகமும் நனைந்திருந்தது.

“நீ ஆடணும்னு இல்ல அறிவு. தாத்தாவாண்ட நான் சொல்லிக்கறேன்.”

“ஆடணும்னுதான் இருக்குது. எல்லாரும் போனு புடிப்பாங்களே.”

“நான் சொல்லட்டுமா அவங்களாண்ட?”

அதற்குள் வாசலில் மேளம் ஆரம்பித்துவிட்டது.

பூப்பல்லக்கு கிளம்பியது. சரவெடி வெடித்தது. தெருமுனை ரேஷன் கடை வரைக்கும்தான் பெண்கள் போகலாம். அதற்கப்புறம் ஆண்கள் மட்டும். வசந்தாவும் நாலு அடி ஆடினாள். தூரத்தில் கோட்டையின் ராஜகிரி மலை வெயிலில் நிற்க, பல்லக்கில் மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு அதற்குச் சரிசமமாக உட்கார்ந்திருந்தார். ரேஷன் கடை நெருங்க நெருங்க ஜெயக்கொடியின் விரல்களை மகளின் கை இறுக்கியது.

“பாப்பா வாம்மா! தாத்தா காத்துக்கினு இருக்காரு!” என்று யாரோ கத்தினார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் போன்கள் உயர்ந்தன.

கை விடுபட்டது. ஜெயக்கொடி வாயைத் திறக்கப் போய், மூடிக்கொண்டாள். மகள் பல்லக்குக்கு முன்னால் போய் நின்றாள். உடம்பைச் சுற்றியிருந்த துப்பட்டாவை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். மேளக்காரர்களைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். மேளம் நின்றது.

“எல்லாரும் போனை உள்ள வச்சிடுங்க,” என்றாள் அறிவுமதி, தெருவுக்கே கேட்கும்படி. “யாரும் எடுக்காதீங்க. கண்ணால பாருங்க, போதும்.”

வசந்தா முதலில் தன் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.