புகை நின்ற இடம்

குளிர்காலத்தின் முப்பத்தோராம் நாள் காலை ஏழேகாலுக்கு, மேட்டு வீட்டுப் புகை கூரையிலிருந்து இறங்கி, வாளியோடு தொழுவத்துக்குப் போய்க்கொண்டிருந்த தையல்காரியின் பின்னாலேயே போனது. அவள் உள்ளே நுழைந்ததும் தொழுவத்தின் தகரக் கூரைக்கு மேல் நேராக நின்றுகொண்டது. வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. புகைபோக்கிக்கு மேல் மட்டும் துடைத்துவைத்த மாதிரி ஒன்றுமில்லை.

இந்தத் தம்பதி நகரத்திலிருந்து வந்தவர்கள். கணவருக்கு ஊர் வைத்த பெயர் மண்வாசனை. வந்து இறங்கிய அன்றே ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்து கண்கலங்கினார். அது ஆட்டுக்கிடை போட்டிருந்த இடம் என்று யாரும் சொல்லவில்லை, சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. அவர் மனைவி நகரத்தில் பதினோரு வருடம் தையல்கடை நடத்தியவள். அவர் ஆசைக்காகக் கடையை விற்றுவிட்டு வந்தாள். திரும்பிப் போனால் உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது. தரிசு நிலத்துக்கு இங்கே ஒரு விதி உண்டு. குளிர்காலம் நூறு நாளும் காலையில் குடியிருப்பவரின் புகை அந்த நிலத்தின் மேல் தெரிய வேண்டும். சர்வேயர் தினமும் வந்து பார்த்து எழுதிக்கொள்வார். நூறும் தேறினால் நிலம் சொந்தம், ஒரு நாள் தவறினாலும் மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

மண்வாசனை செய்த முதல் காரியம், செழிப்பாக நின்ற பச்சை மரம் ஒன்றை விறகுக்கென்று வெட்டிச் சாய்த்தது. காய்ந்த விறகு தருகிறேன் என்று வந்த பால்காரரை வாசலிலேயே நிறுத்தி, இரவல் வாங்குவது தற்சார்பு ஆகாது என்று ஒரு மணிநேரம் பாடம் எடுத்தார். பச்சை விறகு அடுப்பில் சீறியது, நுனியில் தண்ணீர் கக்கியது, எரிய மட்டும் மறுத்தது. தையல்காரி ஓடைக்கரையில் பட்டுப்போன மரங்களைத் தேடிப் போய் வெட்டினாள், பிளந்தாள், கொட்டகையில் அடுக்கினாள். தொட்டியில் உறைந்த தண்ணீரைக் கடப்பாரையால் உடைத்து மாட்டுக்குக் காட்டினாள். குளிரில் வெடிக்காமலிருக்கக் கோழிகளின் கொண்டையில் கொழுப்பு தடவினாள். மண்வாசனையின் பங்கு, அவள் அடுக்கிவைத்த அடுப்பில் தீக்குச்சி கிழிப்பது. அது முடிந்ததும் கம்பளிக்குள் உட்கார்ந்து, உடல் உழைப்பின் இன்பத்தைப் பற்றி வீடியோவில் பேசுவார். கேட்க நானூறு பேர் இருந்தார்கள், எல்லோரும் வெயில் அடிக்கும் ஊர்க்காரர்கள். புகை இதை முப்பது நாள் பொறுத்தது. எங்களில் யாரும் மூன்று நாள் தாங்கியிருக்க மாட்டோம்.

சர்வேயர் அன்று புகைபோக்கியைப் பார்த்தார், தொழுவத்தைப் பார்த்தார், நாடாவை விரித்து அளந்தார். புகை எல்லைக்குள்தான் நிற்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அது ஓடைக்கரையில் நின்றது, அதற்கு மறுநாள் வைக்கோல்போருக்குப் பக்கத்தில். அவள் குனிந்தால் அதுவும் குனிந்தது. விறகுக்காக எல்லையைத் தாண்ட வேண்டிவந்தபோது, சர்வேயர் எழுதிவிட்டுப் போகும்வரை அவள் எல்லைக்குள்ளேயே நின்றாள். மண்வாசனை முதலில் காற்று என்றார். ஒரு இலைகூட அசையவில்லை. பிறகு அவளுடைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு காலி வாளியோடு கிளம்பிப் பார்த்தார். புகை வாசல்வரை வந்து, யார் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. கடைசியில், வீடியோவில் காட்டவாவது பகலெல்லாம் அடுப்புப் பக்கத்திலேயே உட்காரச் சொல்லி அவளிடம் கெஞ்சினார். மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்று அவள் கேட்டாள். அந்த வாய்ச்சொல் வீரர் கம்பளிக்குள் போய்விட்டார்.

நூறாம் நாள் சர்வேயர் மேசையில் மனுவைப் பிரித்துவைத்தார். தையல்காரி கையில் ஏறிய சிராய்களை ஊசியால் எடுத்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தாள்.

"சார், மனு உங்க பேருல இருக்கு. ஆனா எழுபது நாள் புகை உங்களுது இல்ல. இப்படியே அனுப்புனா நிலம் போயிடும்."

மண்வாசனை பல்லைக் காட்டினார். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள உன்னுது என்னுது என்ன? குடும்பத்துப் புகைன்னு எழுதி என் பேருல குடுத்துடுங்க."

நூறு நாளில் குடும்பம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது அன்றுதான். சர்வேயர் பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் ஊசியை மேசையில் வைத்தாள்.

"என் பேருல மட்டும் எழுதுங்க. அவரு விருந்தாளி."

"விருந்தாளிக்குத் தனிக் கட்டம் இருக்கும்மா," என்றார் சர்வேயர், எழுதத் தொடங்கியபடியே.

ஆறு வருடம் ஆகிறது. மண்வாசனை அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு குளிர்காலமும் மறக்காமல் கையெழுத்துப் போடுகிறார். வெட்கமா, அது எந்தக் கடையில் விற்கிறது? சாப்பிட்ட தட்டை இப்போது அவரே கழுவுகிறாராம், அதற்கும் ஒரு வீடியோ போட்டிருக்கிறார். தையல்காரி புகையோடு சந்தைக்கு வரும் நாளில் தெருவில் துணி காயப்போட்டவர்கள் எடுத்து உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். அவள் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் ஜன்னலோர இடம் கொடுத்து, கண்ணாடியைத் திறந்துவிட்டு, ஒரே ஒரு டிக்கெட் கிழிக்கிறார்.