நாற்பது வெள்ளிக் கைகள்

“ஊர்ல எவன்தாம்ட்டி சீட்டு வெளாடல? என்னமோ ராமசுப்பு ஒருத்தன்தான் கெட்டுப் போயிட்டான்னு பாக்கே!”

“நான் ஒண்ணும் சொல்லலியே.”

“வாய்தான் சொல்லல. கண்ணு சொல்லுதுல்லா?”

சீட்டுக் கடனுக்குத் தையல் மிஷின் வீட்டை விட்டுப் போன அன்று ராமசுப்புவும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். ஆறு மாதமாகியும் ஆறுமுகத்தாயின் காதை விட்டு அது போகவில்லை. அவள் சொன்னது பொய்யுமில்லை. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் சீட்டாட்டத்தைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமியாரிடம் சொன்னாள். புளியங்குடியிலிருந்து நாத்தனாரை வரவழைத்துச் சொன்னாள். அவனிடமே கேட்டு, முடியாது என்று அவன் சொல்லிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு சோறு போடுவது?

மிச்சம் இருந்தது கோமதியம்மன்தான்.

எழுபத்தெட்டாம் வருஷத்து ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறி நாலு நாள் கழித்து, கோயில் வாசலில் தங்கப்பழம் அண்ணாச்சியின் தகட்டுக் கடைக்குப் போனாள். பாம்பு, தேள், கண், கால் என்று எதனால் தொல்லையோ அதை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவது ஊர் வழக்கம். சீட்டாட்டத்துக்கு என்ன உருவம்? இரண்டு நாள் யோசித்து, சீட்டுப் பிடிக்கிற கைதான் என்று முடிவு கட்டியிருந்தாள்.

“அண்ணாச்சி, ஒரு கை குடுங்க.”

“கை தீந்துட்டு, தாயி.”

“தீந்துட்டா?”

“எனக்கே மலைப்பா இருக்கு. பாம்பு கெடக்கு, தேளு கெடக்கு, சீந்த ஆளில்ல. நாலு நாள்ல நாப்பது கை! ஊர்ல இத்தன பேருக்குக் கைவலியான்னு விசாரிச்சா, எல்லாம் வீட்டுக்காரர் கையாம்.” அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். “உங்க வீட்ல ரம்மியா, மூணு சீட்டா?”

பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எதிர்வீட்டுச் சீனியம்மாள். அவள் முந்தானைக்குள்ளிருந்து ஐந்து வெள்ளி விரல்கள் எட்டிப் பார்த்தன.

“மதினி, நீங்களுமா?”

“மூணு வருசமா போடுதேன். அம்மன்கிட்ட எங்க வீட்டுக் கை மட்டுமே ஒரு கூடை கெடக்கும்.”

“அண்ணாச்சி, பெட்டியில இன்னும் ஒண்ணு கெடக்கே?” ஆறுமுகத்தாய் எட்டிப் பார்த்தாள்.

“அது எங்க வீட்டுக்காரி எடுத்து வச்சது,” என்ற அண்ணாச்சி, சட்டைப் பையில் துருத்திய லாட்டரிச் சீட்டை மெல்ல உள்ளே தள்ளினார்.

பெண்கள் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஆறுமுகத்தாய் கேட்டாள்:

“மதினி, அண்ணன்கிட்ட நேர கேட்டுப் பாத்தீங்களா?”

“அவுகளையா? யாத்தே, அது எப்படி?”

நாற்பது பேர் அம்மனிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய ஆளிடம் ஒருத்தியும் கேட்கவில்லை! ஆறுமுகத்தாய் விறுவிறுவென்று நடந்தாள்.

வாசகசாலை என்று பலகை மாட்டிய மாடிக்கு ராமசுப்பு படியேறிக்கொண்டிருந்தான். அங்கே படிக்க இருந்தது ஐம்பத்திரண்டு தாள்கள் மட்டும்.

“என்னங்க!”

தெருவில் அவள் சத்தம் போட்டு அவன் கேட்டதேயில்லை. பதறி இறங்கி வந்தான்.

“என்னட்டி? பிள்ளைக்கு முடியலியா?”

“பிள்ளை நல்லாத்தான் இருக்கான்.”

மாடி ஜன்னலில் மூன்று தலைகள் முளைத்தன. பார்த்தால் பார்க்கட்டும்.

“சீட்டாட்டத்த விட்டுருங்க,” என்றாள். “எனக்காக விட்டுருங்க.”