மாடிப் போர்ஷன் பேய்

"சொந்த ஊர் லால்குடி பக்கம்னீங்க. ஊருக்குள்ள எந்தத் தெரு?" என்று கேட்டாள் சுபலட்சுமி.

"காலனித் தெருங்க," என்றாள் யாழினி.

காபி போட எழுந்த சுபலட்சுமி மறுபடி உட்கார்ந்துவிட்டாள். கணவரை அவள் பார்த்த பார்வையிலேயே மாடிப் போர்ஷன் கிடையாது என்று முடிவாகிவிட்டது. அதைச் சொல்ல வேண்டியவர் மாதவன். கைலாசபுரம் தொழிற்சாலையில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் வீடு கட்டிக் குடியேறியவர். சாதியெல்லாம் தான் பார்ப்பதில்லை என்று நாலு பேரிடம் சொல்லி வைத்திருப்பவர். அதனால் வேறு காரணம் தேவைப்பட்டது.

"அதாவதும்மா, முன்னாடி குடியிருந்த பொண்ணு மேல தூக்கு மாட்டிக்கிச்சு. இப்பவும் நடக்கற சத்தம் கேக்குது. தனியா இருக்கற பொண்ணு, உங்களுக்கு எதுக்கு?"

அப்படி ஒரு பெண் அங்கே குடியிருந்ததே இல்லை.

யாழினி ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள். "எனக்கு அந்தப் பயமெல்லாம் இல்லீங்க," என்றாள்.

"எங்களுக்கு மனசு கேக்காதும்மா."

அவளைக் கூட்டிவந்த புரோக்கர் பாலுவுக்கு வாய் சும்மா இருக்காது. ஒரே வாரத்தில் பூக்காரி மாடி ஜன்னலில் தலைவிரி கோலமாக ஒருத்தியைப் பார்த்தாள். பால்காரருக்குக் கொலுசுச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அம்மாளுக்குப் புடவையின் நிறம்கூடத் தெரிந்திருந்தது. வீடு பார்க்க வந்தவர்கள் தெருமுனையோடு திரும்பிப் போனார்கள்.

மூன்றாம் மாதம் சுபலட்சுமி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏங்க, மேல யாரோ நடக்கறாங்க."

"நான் கட்டிவிட்ட கதைடி அது."

"நீங்க சொன்னது பொய்யா இருக்கலாம். எனக்குக் கேட்டது பொய்யில்ல."

மாதவன் சிரித்தார். மோட்டாரை நிறுத்தினால் குழாய் டொக் டொக்கென்று அதிரும். வீடு கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். ஆனாலும் மறுநாள் அந்த டொக்குகளை எண்ணிப் பார்த்தார். பதினொன்று. மாடி ஹாலை நடந்து கடக்கவும் பதினோரு எட்டுதான். அதற்குப் பிறகு அவர் மாடிப்படி ஏறவில்லை. பேயோட்ட வந்தவர் அந்தப் பெண்ணின் பெயரையே கண்டுபிடித்துச் சொன்னார். பிறக்கவே பிறக்காத அவளுக்கு அம்மா மண்டபப் படித்துறையில் திதியும் கொடுத்து வந்தார் மாதவன். சத்தம் நிற்கவில்லை.

பயமில்லாத ஒருத்தியின் நினைவு வந்தது. போன் போட்டார்.

"மாடி காலியாத்தாம்மா இருக்கு, வந்துடுங்க. மேல ஆள் இருந்தா எங்களுக்கும் தைரியமா இருக்கும்."

யாழினி நிதானமாகப் பேசினாள்.

"அன்னிக்கு ஏன் இல்லேன்னீங்கன்னு எனக்குத் தெரியுங்க. பேய் இருக்கற வீட்ல நான் இருந்துடுவேன். கீழ நீங்க இருக்கீங்களே, அதுதாங்க ஒத்து வராது."

போன் கட்டாயிற்று.

"என்ன சொன்னா?" என்றாள் சுபலட்சுமி.

"வர மாட்டாளாம்."

"பாத்தீங்களா, அவளுக்கே பயம்."

மாதவன் ஆமாம் என்று தலையாட்டினார்.