மறைப்புக்குக் கீழே ஒரு பார்வை

காலேப் பரீட்சையில் தேறிவிட்டான் என்று ஊருக்கே தெரியும். எப்படித் தேறினான் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வம்பே அதுதான்.

திசைக்கொரு புது விமானக் கம்பெனி முளைத்துக்கொண்டிருந்த 2007-ஆம் வருஷம் அது. ஹைதராபாத்தில் பைலட்டுக்குப் படித்த காலேப்புக்கு ஒரு கம்பெனி வேலைக் கடிதமே அனுப்பிவிட்டது. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்ற தகுதி மட்டும் கையில் இருக்க வேண்டும். அது இல்லாத பைலட் வெளியே கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஓட்டலாம். இருந்தால், மேகத்துக்குள்ளும் மழைக்குள்ளும் கருவிகளின் முள்ளை மட்டும் நம்பி ஜனங்களை ஏற்றிக்கொண்டு போகலாம். அதற்கு நாற்பது மணி நேரம் அப்படிப் பழகியிருக்க வேண்டும், எழுத்துப் பரீட்சை தேற வேண்டும், கடைசியில் பரீட்சகரைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் இரண்டையும் ஒழுங்காகத்தான் முடித்தான். சும்மா சொல்லக்கூடாது, உழைப்பாளி.

ஓட்டிக் காட்டும்போது வெளியே தெரியாதபடி நெற்றியில் ஒரு மறைப்பு மாட்டிவிடுவார்கள். இதை அவன் போனில் அம்மாவிடம் சொல்லித் தொலைத்தான். அம்மா ஞானசௌந்தரி சித்தூர் பக்கம் புத்தலப்பட்டில் டீச்சர்; புருஷன் போனபின் தனியாளாக மகனை ஆளாக்கியவள். "எம்புள்ள கண்ணக் கட்டிக்கினு பறக்கும்போது நான் மட்டும் பாத்துக்கினு இருப்பனா?" என்று பரீட்சையன்று காலை ஒன்பது மணிக்கு முழங்காலில் நின்று கண்ணை மூடினாள். போன் வரும்வரை, இரண்டரை மணி நேரம், திறக்கவில்லை. கதவைத் தட்டிய பக்கத்து வீட்டு செல்லியம்மாவுக்கும் கண்ணை மூடியபடியேதான் பதில் சொன்னாளாம்.

அந்நேரம் மகன் என்ன செய்துகொண்டிருந்தான்? இறங்கும் பாதையில் காற்று உலுக்கியது. விமானம் இடப்பக்கம் சாய்வதாக உடம்பு சொன்னது. நேராகத்தான் இருக்கிறது என்றது முள். முள்ளை நம்பு என்பதுதான் அந்தப் படிப்பே. அவனால் நம்ப முடியவில்லை. பரீட்சகர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். காலேப் மோவாயைத் தூக்கினான். மறைப்புக்குக் கீழே ஓடுபாதை பளிச்சென்று தெரிந்தது. பாவி, அந்த ஒரு நொடியில் தேறிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சித்தூர் சபையில், அவன் தேறியதற்கு நன்றி சொல்லி ஸ்தோத்திர ஆராதனை. ஞானசௌந்தரி எழுந்து, தான் கண்ணை மூடிய கதையைச் சொன்னாள். "எம்பையனுக்கு வெளிய ஒண்ணும் தெரியல. கர்த்தர்தான் கையப் புடிச்சி எறக்கி வுட்டாரு." சபையே கண்ணீர் விட்டது. காலேப்புக்கோ அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அவனையும் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எழுந்தவன், "நான் வெளிய பாத்துட்டேன். பாக்கக் கூடாது. திருட்டுத்தனமா பாத்துத்தான் பாஸ் ஆனேன்" என்று போட்டு உடைத்தான்.

சபை மூப்பர் தியோடர் கையை உயர்த்தினார். "உன் தலயத் தூக்கி வுட்டதே கர்த்தர்தான் நைனா!"

"ஆமென்" என்றது சபை. சாப்பாட்டுப் பந்தியில், என்ன தாழ்மை, என்ன தாழ்மை என்று ஆளாளுக்கு அவன் முதுகைத் தட்டினார்கள். குற்றத்தை இறக்கி வைக்கப் போனவன் தலையில் புகழையும் ஏற்றி அனுப்பினார்கள்.

ஞானசௌந்தரி மட்டும் ஆமென் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, அவன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி தலயத் தூக்கினா தெரிஞ்சிது. நெஜ மேகத்துல தூக்கினா இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதும்மா. வெறும் வெள்ளையா இருக்கும்."

"ரேணிகுண்டா ஏர்போர்ட்டுக்கு நீ ஓட்டிக்கினு வர்ற மொதல் பிளேன்ல என்னை ஏத்துறேன்னியே. மழ நாளுன்னா ஏறட்டுமா?"

ஏறும்மா என்று சொல்ல வேண்டியதுதானே. பெற்றவளின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை.

"நீ வேணாம்மா" என்றான்.

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. "என்னை வேணான்னுட்ட. மத்தவங்களுக்கு அத யாரு சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை வேலையில் சேர வேண்டும். இப்போது வாயைத் திறந்தால் அது போகும்; லைசென்ஸே போனாலும் போகும். எல்லாம் அவனுக்குத் தெரிந்ததுதான். போனை எடுத்தான். பரீட்சகரிடம், சபையில் சொன்ன அதே மூன்று வாக்கியங்களைச் சொன்னான்.

அவர் ஆமென் சொல்லவில்லை. லைசென்ஸை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை வந்து நில் என்றார்.