சாட்சி இல்லாத பிரசவம்

இங்கிலாந்தின் யார்க் நகரச் சிறையிலிருந்து நீதிமன்றத்துக்கு வந்தபோது டாபிதாவுக்கு நம்பிக்கை இருந்தது. மணமாகாதவள் பிள்ளை பெற்று, அது இறந்ததை மறைத்தால் கொலை. செத்தே பிறந்தது என்று ஒரு சாட்சியாவது சொன்னால்தான் தப்பலாம். சட்டம் அப்படித்தான். ஆனால் பிள்ளைக்கென்று தைத்த சட்டைகளைக் காட்டினாலே நீதிபதிகள் விட்டுவிடுகிறார்கள் என்று சிறைக்காவலனின் மனைவி சொல்லியிருந்தாள்.

சாட்சியும் இருந்தாள், டாபிதா வேலை பார்த்த வீட்டு எஜமானி திருமதி பிக்கர்ஸ்கில். துணி துவைக்கும் அறையில் டாபிதா பெற்றுப் போட்டபோது கதவைத் திறந்தவள். பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்ததைப் பார்த்தவள். "விருந்தாளுங்க வர்றதுக்குள்ள கழுவி விடு. வெளிய மூச்சு விட்டுடாத" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள். பிள்ளை தன் மகனுடையது என்று அவளுக்குத் தெரியும்.

கூண்டிலிருந்து டாபிதா கெஞ்சினாள். "அம்மா, நீங்க பாத்தீங்களே. அது அழவே இல்லன்னு சொல்லுங்கம்மா."

எஜமானி கையுறையை நீவிவிட்டுக்கொண்டாள். "இவ வயித்துல புள்ள இருந்ததே எனக்குத் தெரியாதுங்கய்யா."

டாபிதா தான் தைத்து வைத்திருந்த குழந்தைச் சட்டைகளை நீட்டினாள். நீதிபதி தர்ல்பி அவற்றைத் தொடவில்லை.

"போன தடவ வந்த நீதிபதி இது மாதிரி சட்டையப் பாத்து ஒருத்திய விட்டாராம். பாராளுமன்றம் சாட்சின்னு எழுதியிருக்கு, சட்டைன்னு எழுதல. அதத் திருத்த நான் யாரு?"

ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். ஆனாலும் அவர்களின் தலைவரான மாவு வியாபாரி எழுந்து நின்றார். "சின்னப் பொண்ணுங்கய்யா. ராஜாகிட்ட மன்னிப்பு கேட்டு நீங்க எழுதலாமே. அது உங்க கையிலதான இருக்கு?"

"இருக்கு. காலைல குதிர திருடினவனுக்கு எழுதினேன். அவன் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போயி புகையிலத் தோட்டத்துல ஒழைப்பான். இவ எதுக்கு ஆவா?"

மாவு வியாபாரி உட்கார்ந்துவிட்டார். நாளை மறுநாள் தூக்கு. உடல் அறுத்துப் பார்க்க வைத்தியர்களுக்கு.

"அய்யா, என்னைப் புள்ள பக்கத்துல பொதைக்கச் சொல்லுங்க" என்றாள் டாபிதா.

"உடம்பு யாருக்குன்னும் பாராளுமன்றமே எழுதிடுச்சும்மா." அவர் குரலில் கோபமே இல்லை. அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

தூக்குமேடையைச் சுற்றிப் பெருங்கூட்டம். கழுத்தில் கயிறு விழுந்தபோது, கீழே வைத்தியரின் ஆட்கள் இருவர் வண்டியோடு நிற்பது டாபிதாவுக்குத் தெரிந்தது. ஒருவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"கனமில்லடா. ஒருத்தனே தூக்கிடலாம்" என்றான்.