ஓடியாந்தேன்

ஹிஃப்ஸாவுக்கு அந்த வாரம் தலைகால் புரியாத சந்தோஷம். அமெரிக்காவில் சட்டம் படிக்கிறவள். அங்கே லத்தீன் அமெரிக்க மக்களின் வழக்குகளைப் பற்றி மாணவர்களே நடத்தும் சட்ட இதழில் அவள் கட்டுரை வந்திருந்தது. ஸ்பானிஷ் பேசும் தோட்டத் தொழிலாளி ஒருவன் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொன்னதால், பாவம் அவனை நாடு கடத்திவிட்ட கதை அது. ‘சொன்ன சொல்லை அப்படியே சொல்’ என்று கட்டுரையை முடித்திருந்தாள்.

லீவில் துபாய் பக்கத்து அஜ்மானுக்கு, பெற்றோர் வீட்டுக்கு வந்தவளிடம் உம்மா ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் ஒரு வேலை கொடுத்தாள்.

“ஜோதிமணிக்கு நாளைக்கு விசாரணையாம். அவளுக்கு அரபியும் வராது, இங்கிலீஷும் வராது. நீ கூடப் போய்ச் சொல்லு.”

ஜோதிமணி கோவில்பட்டிக்காரி. அடுத்த தெரு அரபி வீட்டில் வேலை. அவள் ஓடிவிட்டதாக கஃபீல், அதாவது அவளுக்கு விசா கொடுத்த அந்த வீட்டு முதலாளி, புகார் கொடுத்திருந்தார். அது நிலைத்துவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், திரும்பி வரவே முடியாது. ஊரில் மகள் ராதிகா நர்சிங் படிப்பது இந்தச் சம்பளத்தில்தான்.

மறுநாள் காரில் ஜோதிமணி சிரித்தாள். “தாயி, நீ தமிழ் பேசுனா வெள்ளைக்காரி பேசுற மாதிரில்ல இருக்கு.”

“இருக்கட்டும் ஆன்ட்டி. உங்க வார்த்தை ஒண்ணுகூட மாத்த மாட்டேன்.”

விசாரணையில், வீட்டை விட்டு வெளியேறிய அன்று என்ன நடந்தது என்று அதிகாரி கேட்டார்.

“காய்ச்சல் தாங்கல. மேடம்கிட்ட சொல்லிட்டுத்தான் ஓடியாந்தேன்.”

ஹிஃப்ஸா ஒரு கணம் தயங்கினாள். ஓடிவிட்டேன் என்று தானே ஒப்புக்கொள்கிறாளே. ஆனாலும் கூட்டவோ குறைக்கவோ தனக்கு என்ன உரிமை? “மேடமிடம் சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

“சொல்லிட்டு யாராவது ஓடுவாங்களா?” என்று அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதினார். ஜோதிமணியும் கூடச் சிரித்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஹிஃப்ஸா வெளியே வந்து உம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். உம்மா குரலை உயர்த்தினாள்.

“ஓடியாந்தேன்னா ஓடிப்போனதா? சட்டுனு வந்தேன்னு அர்த்தம் ஹிஃப்ஸா. மாத்திரை கேட்டு நம்ம வீட்டுக்குத்தான் வந்தா. வந்த இடத்துல அசந்து தூங்கிட்டா. ஓடிவந்தவளை ஒளிச்சு வச்சதா நம்ம மேல கேஸ் வரும்னு உன் வாப்பா பயந்துக்கிட்டு அதை வெளியே சொல்ல விடல.”

ஹிஃப்ஸா திரும்ப உள்ளே போனாள். வார்த்தையை விளக்கினாள், கெஞ்சினாள். “கலாஸ், முடிந்தது” என்றார் அதிகாரி. கையெழுத்தான வாக்குமூலம் மேலே போய்விட்டது.

பெஞ்சில் ஜோதிமணி பெண் காவலரோடு உட்கார்ந்திருந்தாள். ஹிஃப்ஸா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஜோதிமணி அவள் முகத்தைப் பார்த்தாள்.

“தமிழ்லதானே தாயி சொன்னேன்.”

ஹிஃப்ஸா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என் போனை வாங்கிட்டாங்க. ராதிகாவுக்கு நீயே சொல்லிரு.”

“என்ன சொல்லணும் ஆன்ட்டி?”

“அம்மா வாரான்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத.”